பல் மருத்துவரின் கையுறை பிறந்த கதை

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சின்ன வயதில் பல் பிடுங்கப் போனதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெறும் விரலைத்தான் வாய்க்குள் விட்டிருப்பார். அது அவருடைய அலட்சியம் அல்ல. 1980களின் தொடக்கம் வரை உலகம் முழுவதும் பல் மருத்துவம் அப்படித்தான் நடந்தது. இத்தனைக்கும் ரப்பர் கையுறை அதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே அறுவை அரங்குக்குள் வந்துவிட்டது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. அங்கே அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவருடைய அரங்கின் பொறுப்புச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டன். கிருமியைக் கொல்ல அப்போது பாதரசக் குளோரைடு கரைசலில் கையை முக்கி எடுப்பார்கள். அந்த மருந்து கரோலினின் கைகளைப் புண்ணாக்கியது. வேலையையே விட வேண்டிவரும் என்ற நிலை. அருமையான செவிலியரை இழக்க ஹால்ஸ்டெட்டுக்கு மனமில்லை. குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி, மெல்லிய ரப்பரில் இரண்டு ஜோடிக் கையுறைகளைச் செய்து வாங்கினார். 1890 ஜூனில் இருவருக்கும் திருமணமும் ஆயிற்று.

மருத்துவ உலகம் காதல் கதையாகவே இதைச் சொல்லிச் சொல்லி மகிழும். என் கண்ணில் படுவது வேறு. அந்தக் கையுறை நோயாளியைக் காக்கப் பிறக்கவில்லை. ஒரு பெண் தொழிலாளியின் தோலைக் காக்கப் பிறந்தது. நோயாளிக்கும் அதனால் நன்மை உண்டு என்பது பிறகுதான் புரிந்தது. ஹால்ஸ்டெட்டின் சீடர் ஜோசப் பிளட்குட் எல்லா அறுவைகளுக்கும் கையுறை போடத் தொடங்கினார். குடலிறக்க அறுவைகளில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று 1899இல் கணக்கோடு எழுதினார்.

அன்றைய கையுறைகளைக் கழுவி, ஓட்டை ஒட்டி, மாவு தூவி, மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் லேடெக்ஸ் கையுறையை ஆஸ்திரேலியாவின் அன்செல் நிறுவனம் 1960களின் நடுவில் கொண்டுவந்தது. அதன் பிறகும் பல் மருத்துவர்கள் மாறவில்லை. காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். பல்லின் வேரில் ஒட்டிய காரையை விரல் நுனியின் உணர்வை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம், ரப்பர் அந்த உணர்வைக் கெடுக்கும் என்றார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி என்றால் செலவு கட்டுப்படியாகுமா என்றார்கள். கையுறை போட்டுத் தொட்டால், தன்னை அருவருக்கிறார் என்று நோயாளி நினைத்துக்கொள்வாரே என்ற தயக்கமும் இருந்தது.

ஆனால் பல் மருத்துவரின் விரல் இருந்த இடம் எது? எச்சிலும் ரத்தமும் கலந்த குழி. கூரான கருவிகளும் ஊசியும் புழங்கும் இடம். விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாட்கள் வரைகூட உயிரோடு இருக்கும். பொதுமக்களைவிடப் பல் மருத்துவர்களுக்கு அந்த நோய் பல மடங்கு அதிகமாக வந்தது. தொற்று எதிர்த்திசையிலும் பாய்ந்தது. 1970இலிருந்து 1987 வரை, பல் மருத்துவரிடமிருந்தே நோயாளிகள் கூட்டமாக ஹெபடைடிஸ் பி வாங்கிக்கொண்ட ஒன்பது நிகழ்வுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது.

இத்தனை நடந்தும் அசையாத பழக்கத்தை எய்ட்ஸ் பயம் அசைத்தது. 1981இல் அந்த நோய் வெளியே தெரிந்தது. யாருக்கு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி நடக்க வேண்டும் என்ற கொள்கை பிறந்தது. 1986 ஏப்ரலில் அதே மையம் பல் மருத்துவத்துக்கென்றே தொற்றுத் தடுப்பு வழிமுறைகளை வெளியிட்டது. கையுறை, முகக்கவசம், கண்ணாடி, கருவிகளை வெப்பத்தில் சுத்திகரிப்பது எல்லாம் அதில் இருந்தன.

பிறகு வந்தது ஃபுளோரிடா. டேவிட் ஏசர் என்ற பல் மருத்துவரிடம் 1987 டிசம்பரில் பல் பிடுங்கிக்கொண்ட கிம்பர்லி பெர்காலிஸ் என்ற இளம்பெண்ணுக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. விசாரித்ததில் அந்த மருத்துவருக்கும் தொற்று இருந்தது. அவரிடம் சிகிச்சை பெற்ற ஆறு பேருக்குத் தொற்று அங்கிருந்தே வந்ததாக முடிவானது. எந்த வழியாகப் பரவியது என்பது கடைசி வரை நிறுவப்படவில்லை. 1991 டிசம்பரில் கிம்பர்லி இறந்தபோது வயது 23.

அந்த விசாரணையில் ஒரு விவரம் என்னை உலுக்குகிறது. அந்தக் கிளினிக்கில் 1987இலேயே கையுறை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தவறாமல் மாற்றவில்லை. சில நேரம் கையுறையைக் கழுவிவிட்டு அதோடே அடுத்தவரைப் பார்த்திருக்கிறார்கள். லேடெக்ஸைச் சோப்பாலும் ஸ்பிரிட்டாலும் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அவற்றின் வழியே ஈரம் உள்ளே இறங்கும். மாற்றாத கையுறையை விட, நன்றாகக் கழுவிய வெறுங்கையே மேல் என்பேன். வெறுங்கைக்காரருக்குத் தன் கை அழுக்கு என்ற நினைப்பாவது இருக்கும்.

கிம்பர்லி இறந்த அதே மாதத்தில், ரத்தத்தால் பரவும் நோய்களிலிருந்து தொழிலாளரைக் காக்கும் விதியை அமெரிக்க அரசு கொண்டுவந்தது. கையுறை வாங்கித் தருவது முதலாளியின் கடமை ஆனது.

உலகத்துக்குத் திடீரென்று கோடிக்கணக்கில் கையுறை தேவைப்பட்டபோது மலேசியா எழுந்தது. 1980களின் இறுதியில் அங்கே கையுறைத் தொழிற்சாலைகள் மளமளவென்று முளைத்தன. அந்த நாட்டு ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதி நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. லேடெக்ஸ் ஒவ்வாமை பரவியதும் நைட்ரைல் கையுறை வந்தது. மாவு தூவிய கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்துவிட்டது.

வாயிலிருந்து எடுத்த கையுறை போகுமிடம்தான் இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத பகுதி. இந்தியாவில் மருத்துவக் கழிவுக்கான விதிகள் முதலில் 1998இல் வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2016இன் விதிகள். ஒற்றை நாற்காலி போட்ட பல் கிளினிக்குக்கும் அவை பொருந்தும். கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச், உறிஞ்சுகுழாய் எல்லாம் சிவப்புப் பையில். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில். ஊசியும் பிளேடும் குத்தினால் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியில். சிவப்புப் பையில் போனவை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீராவியில் வெந்து, துண்டுதுண்டாக வெட்டுப்பட்டு, மறுசுழற்சிக்குப் போக வேண்டும். வெட்டுவதற்கு முக்கியமான காரணம் உண்டு: முழுசாக இருந்தால் யாராவது கழுவி மறுபடி விற்றுவிடுவார்கள்.

கரோலினைக் காக்க வந்த கையுறை அடுத்து அறுவை நோயாளியையும், பிறகு பல் மருத்துவரையும், அவருடைய நாற்காலியில் சாய்பவரையும் காக்கத் தொடங்கியது. வரிசையின் கடைசியில் தூய்மைப் பணியாளர் நிற்கிறார். ரத்தக் கறை படிந்த கையுறையும் ஊசியும் வீட்டுக் குப்பையோடு தெருத்தொட்டிக்கு வந்தால், அதைக் கையால் பிரிப்பவர் அவர்தான்.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, உங்கள் கண் முன்னால் புதுக் கையுறை மாட்டச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். அப்படியே, கழற்றிய பழைய கையுறை எந்தப் பையில் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். சிவப்புப் பையே அங்கு இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.