பஞ்சத்தின் உணவா?

இலங்கையின் கண்டிப் பகுதியில், கெலிஓயாவைச் சூழ்ந்த உடுநுவரைக் கிராமங்களில் கீரையும் கிழங்கும் கித்துளும் தேடி உண்டதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது தவறு. 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ், இப்பகுதியிலுள்ள எலதெத்தவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூல், பலாவைப் பிஞ்சு, காய், பழம் என ஒவ்வொரு பருவத்திலும் வேறு பெயரிட்டு உண்டதைக் குறிக்கிறது. தாளிப்பனையைக் காய்க்குமுன் வெட்டி, தண்டின் சோற்றை உரலில் இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். ஆயுளில் ஒரே முறை பூக்கும் அம்மரம், சேர்த்த மாச்சத்தை எல்லாம் பூவுக்கே கொடுத்துவிடும். காலம் தவறினால் மாவு இல்லை. பசி மட்டும் இந்தக் கணக்கைக் கற்றுத்தராது. தலைமுறைகளின் கூர்ந்த கவனிப்பு வேண்டும்.

அறுவடைக்கு முந்திய தட்டுப்பாட்டில்தானே அந்த மாவை உண்டார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், நொக்ஸும் அப்படியே சொல்கிறார். ஆனால் கித்துள் பனையின் கருப்பட்டி அரண்மனைக்கும் போனது. அதைக் காய்ச்சித் தருவதற்கென்றே ஒரு சாதியார் இருந்தனர். அரசன் உண்டதைப் பஞ்ச உணவு என்பது எப்படி? வறுமையின் முத்திரை பின்னால் விழுந்தது என்பதே என் கணிப்பு. பிரித்தானிய ஆட்சியின் 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைப் பத்திரம் இல்லாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கருதியது. கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் மலைக்காடுகளில் பரவின. கிராமத்தாருக்கு மிஞ்சியவை வீட்டுத் தோட்டமும் வயல் வரப்பும். வல்லாரையும் பொன்னாங்காணியும் இன்றும் அங்கேதான் பறிக்கப்படுகின்றன.