“பிள்ளை யாருக்கு?”: மணமுறிவுக்குப் பின் உறைவும் தொடர்பும் – ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

மணமுறிவு நேரும் குடும்பங்களில் நம்மவர் முதலில் எழுப்பும் வினா, “பிள்ளை யாருக்கு?” என்பதாகும். வீடு யாருக்கு, நகை யாருக்கு என்று கேட்கும் அதே நான்காம் வேற்றுமையே இவ்வினாவிலும் அமைந்துள்ளது. ஆங்கிலச் சட்டமும் நெடுங்காலம் இவ்வாறே கேட்டு வந்தது. பிள்ளை யாரோடு உறையும், மற்றவரோடு எவ்வாறு தொடர்பு கொள்ளும் என்ற வினாவை அது தன் ஆணைகளின் பெயரிலேயே அமைத்துக்கொண்டது 1989ஆம் ஆண்டில்தான். இம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்த வரலாற்றையும், அதனோடு ஒப்பிடுகையில் மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்கள் நிற்கும் இடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

தந்தையின் தனியுரிமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முறையான மணத்திற் பிறந்த பிள்ளை இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி தந்தையின் ஆளுகைக்கு உட்பட்டது. 1804ஆம் ஆண்டின் தெ மான்வில் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். கணவனைப் பிரிந்து வாழ்ந்த தாயிடமிருந்து, பால்குடி மறவாத எட்டு மாதக் குழந்தையைத் தந்தை பறித்துச் சென்றார். தாய் நீதிமன்றத்தை நாடியபோதும், சட்டப்படி குழந்தை தந்தைக்கே உரியது என்று கூறி நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

இந்நிலையைப் பொதுமக்கள் அறியச் செய்தவர் எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் ஆவார். 1836இல் அவருடைய கணவர், அன்றைய பிரதமர் மெல்பர்ன் பிரபுவைத் தம் மனைவியோடு தொடர்புபடுத்தி வழக்குத் தொடுத்துத் தோல்வியுற்றார். எனினும், மூன்று ஆண்மக்களும் தந்தையின் பிடியிலேயே இருந்தனர். நார்ட்டன் துண்டு நூல்கள் எழுதி வாதாடினார். நாடாளுமன்ற உறுப்பினர் தால்ஃபர்ட் மசோதாவை முன்மொழிந்தார். இவற்றின் விளைவாக 1839இல் சிறார் காவற் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் பொறுப்பில் பெறவும், அதற்கு மேற்பட்ட பிள்ளையைக் காணவும் தாய் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க இச்சட்டம் வழிவகுத்தது. பிறன்மனைத் தொடர்பு மெய்ப்பிக்கப்பட்ட தாய்க்கு மட்டும் இவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது.

சட்டம் பிறக்கக் காரணமாயிருந்த தாய்க்கு அச்சட்டம் உதவவில்லை என்பது எண்ணத்தக்கது. பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் வைக்கப்பட்டிருந்தனர். அச்சட்டம் அங்குச் செல்லாது. 1842இல் இளைய மகன் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றான். தாய் வந்து சேர்வதற்குள் அவன் உயிர் பிரிந்துவிட்டது.

நலன் என்னும் அளவுகோல்

அதன்பின் மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் மணமுறிவு நீதிமன்றத்தை நிறுவி, பிள்ளைகளின் பொறுப்பைப் பற்றியும் ஆணையிட அதற்கு அதிகாரம் அளித்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயது வரம்பைப் பதினாறாக உயர்த்தியது. ஆயினும், 1883இல் அகர்-எல்லிஸ் வழக்கில், விடுமுறையைத் தாயோடு கழிக்க விரும்பிய பதினாறு வயது மகளின் வேண்டுகோளைத் தந்தை மறுத்தபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்தையின் பக்கமே நின்றது. சட்டம் மாறினாலும் நீதிபதிகளின் மனப்போக்கு உடனே மாறிவிடுவதில்லை என்பதை இதனால் உணரலாம்.

1886ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையின் நலனையும் தாய் தந்தை இருவரின் விருப்பத்தையும் கருத்திற் கொள்ளுமாறு பணித்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையின் நலனே முதன்மையானதும் தலையாயதுமான கருத்து என்று விதித்தது. தாய்க்குத் தந்தையோடு சமமான உரிமை கிட்டியது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். பெற்றோரைக் காணும் வாய்ப்பு பெற்றோரின் உரிமை என்பதைவிடப் பிள்ளையின் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் ஒன்று அதே ஆண்டில் கூறியது. வினாவின் எழுவாய் பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு நகரத் தொடங்கியதை இக்கூற்று காட்டுகிறது.

உறைவும் தொடர்பும்

1991 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், காவலுரிமை, காணும் உரிமை என்னும் பழஞ்சொற்களை ஒதுக்கியது. அவற்றின் இடத்தில் உறைவு ஆணை, தொடர்பு ஆணை ஆகியவற்றை அது அமைத்தது. முன்னது பிள்ளை யாரோடு வாழும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். பின்னது, பிள்ளை மற்றவரைச் சென்று காணவும் அவரோடு தங்கவும் இடந்தருமாறு, பிள்ளையை வைத்திருப்பவரைப் பணிக்கும். மணமுறிவால் பெற்றோர் பொறுப்பு எவரிடமிருந்தும் நீங்குவதில்லை. எனினும், உறைவு ஆணை பெற்றவர் வென்றவர் என்னும் எண்ணம் மறையவில்லை. 2014இல் இவ்விரண்டு ஆணைகளும் நீக்கப்பட்டு, சிறார் ஏற்பாட்டு ஆணை என்னும் ஒன்றே அவற்றின் இடத்தில் வந்தது.

நம் நாட்டு நிலை

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 88ஆம் பிரிவு பிள்ளையின் நலனையே தலையாயதாகக் கொள்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயோடு இருப்பதே நலம் என்னும், மறுத்து நிறுவத்தக்க, அனுமானத்தையும் அது வகுத்துள்ளது. 1839இல் தாய்க்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பை மட்டும் தந்த ஏழு என்னும் எண், இங்கு அவள் சார்பான தொடக்க நிலையாக அமைந்துள்ளது. அடுத்த பிரிவோ, காவலுரிமை ‘இழந்த’ பெற்றோர் பிள்ளையைக் காண ஆணையிடலாம் என்கிறது. இழப்பு என்னும் சொல் பழைய உடைமைக் கருத்தின் எச்சமாகும். 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டம் தாய்க்குச் சம உரிமை தந்ததும் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே. சிங்கப்பூரில் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெருமுடிவுகளை எடுக்கும் காவலுரிமையையும் அன்றாடப் பராமரிப்பையும் வேறுபடுத்திக் காட்டியது. முன்னதில் பெற்றோர் இருவரின் கூட்டுப் பொறுப்பையே அது வலியுறுத்தியது.

முடிவுரை

இவ்வரலாறு சட்ட வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. மணமுறிவு பெற்ற குடும்பத்துப் பிள்ளை நாள்தோறும் வந்து அமரும் இடம் நம் வகுப்பறை. ஒருவர் காவலுரிமை பெற்றார் என்று கேட்டதும், மற்றவர் பிள்ளைக்கு அயலாராகிவிட்டார் என்று நாம் கருதிவிடலாகாது. ஆணையில் உள்ளது யாது என்பதே அறியத்தக்கது. பல ஆணைகள் மற்றவருக்கும் இடம் தந்திருக்கும். மொழி கற்பிக்கும் நமக்கு வேற்றுமையின் வலிமை தெரியும். “பிள்ளை யாருக்கு?” என்னும் வினா ஒருவரை வெல்லச் செய்து மற்றவரைத் தோற்கச் செய்கிறது. “பிள்ளை யார் யாரோடு, எவ்வாறு வாழும்?” என்னும் வினாவிற்கு இருவரும் விடை கூறியாக வேண்டும். ஆங்கிலச் சட்டம் இவ்வினாவை வந்தடைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. நாம் அதனை இன்றே கேட்கத் தொடங்கலாம்.