நாவல் எழுத ரிப்போர்ட்டர் வேலையை விடணுமா?

'வேலையை விட்டுட்டு நாவல் எழுதப் போறேன்' என்கிற பத்திரிகையாளரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்க. பாஞ்சாலங்குறிச்சி இருக்கும் அதே கரிசல் பூமிக்காரர் ஒருவரைப் பார்த்துவிடுவோம்.

கோவில்பட்டி அருகே இடைசெவலில் 1923-ல் பிறந்தவர் கு.அழகிரிசாமி. அரசு வேலையை உதறிவிட்டுப் பத்திரிகைக்கு வந்தார். சென்னையில் 'சக்தி', மலேயாவில் 'தமிழ் நேசன்', திரும்பி வந்து 'நவசக்தி'. இதற்கு நடுவில்தான் சிறுகதைகளும், 'டாக்டர் அனுராதா' போன்ற நாவல்களும். 1970-ல், 46 வயதில் மறைந்தார். 'அன்பளிப்பு' தொகுப்புக்கு சாகித்ய அகாடமி விருது வந்தபோது அவர் இல்லை.

கல்கியும் பத்திரிகையை விடவில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950-ல் அவருடைய 'கல்கி' இதழிலேயே தொடராக ஆரம்பித்தது.

கணக்கையும் போட்டுப் பாருங்க. 300 ரூபாய் நாவல், 10 சதவீத ராயல்டி என்று வைத்தால், 1,000 பிரதி விற்றாலும் 30,000 ரூபாய்தான். எழுத ரெண்டு வருஷம் ஆகியிருந்தால்? அதனால், சம்பளம் வரும்போதே ஆரம்பிங்க.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஊர்ப் பேச்சைப் பிடிக்கும் காது, சொன்ன தேதிக்குள் முடிக்கும் பழக்கம்.

விட்டுவிட வேண்டியது: முக்கியமானதையெல்லாம் முதல் பத்தியிலேயே கொட்டுவது. செய்திக்கு அது பலம். நாவலில் அடுத்த பக்கம் புரட்ட ஆள் இருக்காது.

ஒரு எச்சரிக்கை: உங்களை நம்பிப் பேட்டி கொடுத்தவரை, ஊரார் அடையாளம் காணும்படி பாத்திரமாக்காதீங்க.

இன்றைக்கே பழைய நோட்டைப் புரட்டுங்க. இடமில்லை என்று செய்தியில் வெட்டிய வரிகளைத் தனியாக எழுதி வையுங்க. நாவலுக்கான விதை அங்கேயே கிடக்கலாம்.