மேலவையின் நியமன வாயில்

ஓர் அவை எடுத்த முடிவை மற்றோர் அவை நிதானமாக மறுமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே ஈரவை முறையின் அடிப்படை. சென்னை மாகாணத்தில் இம்முறை, 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் வழியாக 1937இல் நடைமுறைக்கு வந்தது. 1986 நவம்பர் முதல் நாளன்று முடிவுற்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நிலவிய அம்மேலவையின் உயர்வும் வீழ்ச்சியும் ஒரே வாயில் வழியாக நிகழ்ந்தன என்பது எண்ணத்தக்கது.

மேலவையின் அதிகாரம் சிறிதே. பேரவை நிறைவேற்றிய சட்ட முன்வடிவை முதன்முறை மூன்று மாதமும், மறுமுறை ஒரு மாதமும் தாமதப்படுத்தலாம்; தடுத்து நிறுத்த இயலாது. நிதி முன்வடிவாயின் 14 நாள்களே. ஆதலின் அவையின் மதிப்பு, அதில் அமர்ந்தோரின் மதிப்பாகவே இருந்தது. உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி மன்றங்களும், மூன்றில் ஒரு பங்கினரைப் பேரவை உறுப்பினரும் தேர்ந்தெடுத்தனர். பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் உரியது. எஞ்சிய ஆறில் ஒரு பங்கு ஆளுநரின் நியமனத்துக்குரியது. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்தோர்க்கென அரசியலமைப்பு திறந்து வைத்த வாயில் அது.

1952இல் அவ்வாயில் வழியே இராஜாஜி நுழைந்தார். பேரவையின் 375 இடங்களுள் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. தேர்தலில் நில்லாத முதியவரை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமிக்க, அவர் முதலமைச்சரானார். தகுதியை ஐயுற்றார் இலர்; முறைமையை ஐயுற்றார் பலர். அவருக்குப்பின் 1954இல் முதல்வரான காமராசர், குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்கள்முன் நின்று வென்றே பேரவைக்குள் வந்தார். அறிஞர் அண்ணாவோ 1967இல் முதல்வரானபின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1986இல் அதே வாயிலே அவைக்கு இறுதியாயிற்று. திரைப்பட நடிகை ஒருவரின் நியமனம், அவர் கடன் தீர்க்க இயலாதவராக அறிவிக்கப்பட்டிருந்தமையால் வழக்கிற்கு உள்ளாயிற்று, அவர் விலகிக்கொண்டார். அவ்வாண்டு மே 14இல் மேலவையை நீக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறிற்று. நாடாளுமன்றமும் சட்டம் இயற்றிற்று.

அவ்வேளை அவைத்தலைவராய் வீற்றிருந்தவர் ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு பள்ளி நீங்கி, அச்சுக்கோத்துப் பிழைத்து, சிலம்பினால் செல்வரானவர். பட்டதாரிகளுக்கென இடம் ஒதுக்கிய அவைக்குப் பட்டம் பெறாப் பேரறிஞர் ஒருவர் தலைவராய் இருந்தார். இத்தகையோரை அவையேற்றியதே மேலவையின் பயன். அவரே அதன் இறுதித் தலைவரும் ஆனார்.

அதன்பின் 1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் மேலவையை மீட்கத் தீர்மானங்கள் நிறைவேறின. 2010இல் நாடாளுமன்றம் 78 உறுப்பினர் கொண்ட அவைக்குச் சட்டமும் இயற்றியது. ஆட்சி மாறியபோதெல்லாம் கருத்தும் மாறிற்று, அவை கூடவில்லை. மறுசிந்தனைக்கென ஏற்பட்ட அவையை ஆக்குவதிலும் நீக்குவதிலும் கட்சிச் சிந்தனையே முந்தி நின்றது. இனி ஒருகால் அது மீளுமாயின், முதலில் காக்கப்பட வேண்டியது அந்நியமன வாயிலே.