மண்மேட்டுத் தெய்வம்

எழுத்தறியாத ஒரு மக்கள் கூட்டத்தின் பக்தியை எப்படி அறிவது? ஏடு இல்லை, கல்வெட்டு இல்லை. பாடிய நாவுகள் என்றோ மண்ணாகிவிட்டன. அந்த மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே கஹோகியா என்ற இடம் இருக்கிறது. கி.பி. 1050-ஐ ஒட்டி, மக்காச்சோளம் பயிரிட்ட மக்களின் சிற்றூர் ஒன்று அங்கே திடீரென்று மாநகரமாயிற்று. 10,000 பேருக்கு மேல் வாழ்ந்த நகரம். வண்டி இல்லை, பொதி சுமக்க மாடு இல்லை. கூடை கூடையாக மண் சுமந்தே 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேட்டை எழுப்பிவிட்டார்கள்!

அவர்களுடைய சமயம் ஊரோடு நிற்கவில்லை. நதியை எதிர்த்துப் பல நூறு மைல் வடக்கே, விஸ்கான்ஸினில் ட்ரெம்பலோ என்ற ஊரில் அவர்களுடைய பானைகளும் கல்லாயுதங்களும் கிடைத்திருக்கின்றன. சென்றவர்கள் அங்கும் குன்றின்மேல் மேடு கட்டினார்கள். வழிபாட்டைப் பரப்பப் போனவர்கள் என்றே ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். நகருக்குக் கிழக்கே ஒரு நாள் நடையில் எமரால்ட் என்ற மற்றொரு மேட்டுத் தலம். சந்திரன் பதினெட்டரை ஆண்டுக்கு ஒருமுறை எட்டும் வானத்து எல்லையை நோக்கி அதன் மேடுகள் அமைந்திருக்கின்றன. மஞ்சள் களிமண் தளமிட்ட சிறு கோயில்களும் அங்கே இருந்தன. யாத்திரிகர்கள் வந்துபோன தலம் அது.

அவர்கள் வணங்கியது யாரை? 1979-ல் கஹோகியாவுக்கு அருகே ஒரு செங்கல் நிறச் சிலை அகப்பட்டது. ஒரு சாணுக்குள் அடங்கும். மண்டியிட்ட ஒரு பெண், பாம்பின் முதுகை மண்வெட்டியால் கொத்துகிறாள். பாம்பின் வால் கொடியாகி அவள் முதுகில் ஏறிக் காய்த்திருக்கிறது. விளைச்சல் தரும் தாய் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

ஆனால் அதே கஹோகியாவில், 1967 முதல் தோண்டிய 72-ஆம் மேட்டில், ஒரே குழிக்குள் வரிசையாகக் கிடத்தப்பட்ட 50-க்கும் மேற்பட்ட இளம்பெண்களின் எலும்புகள் இருந்தன. பலி என்கிறார்கள்.

1400-க்குள் நகரம் வெறிச்சோடிவிட்டது. மேடு மட்டும் நிற்கிறது. கதை எழுதுகிற என் மனமோ, மண் சுமந்த ஒரு தாயிடம் போய் நிற்கிறது. கூடையை இறக்கிவிட்டு அவள் கும்பிட்டிருப்பாள். விளைச்சலுக்காகவா, தன் மகளை விட்டுவிடச் சொல்லியா?