சைவப் பலகையும் வரகுச் சோறும்

சிற்றுண்டிச் சாலையின் வாயிலிலே ‘சைவம்’ என்று பலகை தொங்குகிறது. உள்ளே விற்பதோ இட்டலியும் தோசையும். இட்டலிக்கு ஏது சமயம்? தோசை எந்த ஆகமத்தை ஓதிற்று? சிவனை வழிபடும் நெறிக்குரிய பெயர், இறைச்சி கலவாத உணவுக்குப் பெயராயிற்று. பின்னர், உண்போரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பிரிக்கும் அளவுகோலும் ஆயிற்று. இன்று அந்த அளவுகோல் மருத்துவ வேடம் புனைந்து வருகிறது. தாவர உணவு உண்டால் தொந்தி கரையும், குடல் நலம் பெறும், உள்ளம் தூய்மையாகும் என்கிறார்கள். முன்னிரண்டும் உடற்கூற்று நூல் ஆராய வேண்டியவை. மூன்றாவதை நுழைத்தவர் யார்?

விடை தேடிப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் செல்வோம். திருச்சி மாவட்டத்தினின்று 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது. மாவட்டங்கள் புதியன, மண்ணோ மிகப் பழையது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததென்பதற்குப் பாறைக்குள் கிடக்கும் கிளிஞ்சல்களே சான்று. இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி ஆண்டதும் இம்மண்ணில்தான். ஆனால் கொள்ளிடக் கரையை விட்டுச் சற்றே வடக்கே வந்தால் வானம் பார்த்த புன்செய். அங்கே உழுதவன் உண்டது வரகு, கம்பு, சோளம், கேழ்வரகு. தொட்டுக்கொள்ள ஒரு கீரை, கொஞ்சம் துவரை, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ஊர்த் தெய்வத்துக்குக் கிடா வெட்டும் நாளில்தான் அவன் கறியைக் கண்டான்.

ஆண்டில் பெரும்பாலான நாள்கள் தாவர உணவே உண்டவன் அவன். தாவர உணவு மனிதனைத் தூயவனாக்கும், உயர்ந்தவனாக்கும் என்பது உண்மையாயின், ஊரிலேயே உயர்ந்தவன் அவனல்லவா? அவனையன்றோ ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்! அவனது குவளையையன்றோ தனியே வைத்தார்கள்! உணவைக் கண்டு உயர்வு வழங்கப்படவில்லை. பிறப்பைக் கண்டு வழங்கிவிட்டு, உணவைக் காரணம் காட்டினார்கள்.

வரலாறும் இதையே சொல்கிறது. அந்தணரான கபிலர், ஊன்சோறு உண்ட தம் கை மென்மையாக இருப்பதைப் புறநானூற்றிலே வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார்; அன்று எவரும் அவரைச் சாதி நீக்கம் செய்ததாகத் தெரியவில்லை. புலால் மறுத்தலை வலியுறுத்திய வள்ளுவர் அருளைக் காரணம் காட்டினார், பிறப்பைக் காட்டவில்லை. புலாலை மறுத்த வள்ளலாரோ, 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்து, பசித்தவர் எவராயினும் வருக என்றார். அருளால் இறைச்சியை விடுபவரை நாம் மதிக்கலாம். அடுத்தவன் அடுப்பை இழிவு செய்வதற்காக விடுபவரை எதற்காக மதிப்பது?

இனிக் குடலுக்கு வருவோம். மனிதக் குடல் நீளமானது, ஆகவே அவன் தழையுண்ணி என்று மேடைகளிலே முழங்குவோர் உண்டு. மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை. புல்லின் நாரை அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. மனிதனின் இரைப்பை ஒரே அறை. மாவுப்பொருளை உமிழ்நீரிலிருந்தே செரிக்கத் தொடங்கும் நம் உடல், நாரைச் செரிக்காது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை உடைக்கின்றன, அவ்வளவே. அந்த நார் வீணன்று. மலத்தை இளக்குகிறது, வயிற்றை நிறைக்கிறது, சர்க்கரை குருதியில் கலக்கும் விரைவைக் குறைக்கிறது. ஆனால் வைட்டமின் பி12 தாவரத்தில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் ஒன்றிலிருந்தோ, மருந்தாகவோ அதைப் பெற்றாக வேண்டும். மனிதன் எல்லாம் உண்ணும் உயிர். சமைக்கக் கற்ற உயிர்.

நம் மாநிலத்திலேயே இது ஆராயப்பட்டது. குன்னூரில் 1918இல் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார் அவர். முழுக்கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. எலி மனிதனல்லதான். எனினும், இரு உணவிலும் தாவரமே மிகுதி என்பதை நோக்குக. தாவரமா, ஊனா என்பதைவிட, எந்தத் தாவரம், எப்படித் தீட்டப்பட்டது, உடன் என்ன இருந்தது என்பதே பெரிய கேள்வியாக நின்றது. தவிட்டைத் தீட்டி எறிந்தால் பி1 சத்தும் போய்விடும். நெல்லைப் புழுக்கினால் அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கும். பெயரறியாப் பாட்டியர் கண்ட அறிவியல் அது.

அன்று எலியின் எடை குறைந்தது கவலை. இன்று மனிதனின் எடை கூடுவது கவலை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மிகை எடை உடையவர்கள். இதற்கும் ‘சைவ’த்தை மருந்தாக நீட்டுகிறார்கள். பூரியும் முறுக்கும் சர்க்கரைப் பொங்கலும் தாவர உணவுதாமே! ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. எண்ணெய் கடலையிலிருந்து வந்தால் அது குறைந்துவிடுமா? வரகும் அரிசியும்கூட எடைக்கு எடை கலோரியில் பெரிதும் வேறுபடவில்லை. வரகில் நார் மிகுதி. அதனால் சிறிதளவிலேயே வயிறு நிறைகிறது. அன்றைய உழவன் மெலிந்திருந்ததற்கு வரகு மட்டுமா காரணம்? பகலெல்லாம் ஏர், இரவில் அரைவயிறு. பட்டினியை உணவுமுறை என்று புகழ்வோரிடம் எச்சரிக்கை தேவை!

ஆகவே பங்கீட்டுக் கடை அரிசியைப் பழிப்போருடன் நாம் சேர முடியாது. அண்ணா 1967இல் தொடங்கிய ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி முதல் 2011இல் வந்த விலையில்லா அரிசி வரை, அது ஏழையின் பசியை விரட்டிற்று. குறை அரிசியில் இல்லை. தட்டில் அரிசி மட்டுமே இருப்பதில் இருக்கிறது. பருப்பும் கீரையும் முட்டையும் அரிசியோடு மலிவாய்க் கிடைக்க வேண்டும்.

பழமையைப் போற்றுவோர் மறப்பது இன்னொன்று. வரகின் உமி அடுக்கடுக்கானது. அதை உரலில் இட்டுக் குத்தியவள் பெண். ஆலை வந்ததும் அவள் உலக்கையைக் கீழே வைத்தாள். அவளைக் குறை கூறும் உரிமை எவருக்கும் இல்லை. பூஞ்சை பிடித்த வரகு நஞ்சாகும் என்பதையும் அறிக; 2024இல் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் பத்து யானைகள் அத்தகைய வரகைத் தின்று மாண்டன. நன்கு உலர்த்திக் காத்த வரகு நல்லுணவு. அது புனிதப் பொருளன்று.

2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், ஏழையின் வரகு நகரத்துக் கடையிலே பளபளக்கும் பையில் அரிசியை மிஞ்சும் விலைக்கு விற்கிறது. பெரம்பலூர்ப் புன்செயிலோ இன்று மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. அந்த மக்காச்சோளம் கோழித் தீவனமாகி நாமக்கல் பண்ணைகளுக்குப் போகிறது. அங்கிருந்து முட்டையாகிப் பள்ளிக்கு வருகிறது. சத்துணவில் முட்டை 1989இல் கலைஞர் ஆட்சியிலே நுழைந்தது, 2010இல் வாரம் ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. இருவரும் அமர்வது ஒரே வரிசையில்.