வியர்வை கொட்டுதுன்னா உடம்பு குளிருதுன்னு அர்த்தமா?

பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்துல போட்டிருந்த மருத்துவ முகாம்ல நான் புது டாக்டர். காவடியோட படியேறிக்கிட்டிருந்த ஒரு தம்பியை நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுது. "ஹீட் ஸ்ட்ரோக்னா தோல் காய்ஞ்சிருக்கணுமே, இவருக்கு இப்படி வியர்க்குதே"ன்னு நெனச்சு, சாதாரண மயக்கம்னு முடிவு பண்ணி டிரிப்ஸ் போடச் சொல்லிட்டேன்.

சீனியர் வந்து தெர்மாமீட்டர் வெச்சார். கிட்டத்தட்ட 106.

அந்தத் தம்பிகிட்ட அப்புறம் வர்றேன். நான் எங்க சறுக்கினேன்னு புரியணும்னா, கொஞ்சம் பழைய கதை தெரியணும்.

இத்தாலியில சாந்தோரியோன்னு ஒரு மருத்துவர். தராசுல தொங்கவிட்ட நாற்காலியில உட்கார்ந்து, சாப்பிட்டது, குடிச்சது, வெளிய போனது எல்லாத்தையும் வருஷக்கணக்கா எடை போட்டார். கணக்கு உதைச்சுது. கண்ணுக்குத் தெரியாம தோல் வழியாவும் மூச்சு வழியாவும் ஏதோ போய்க்கிட்டே இருக்குன்னு 1614ல புத்தகம் எழுதினார். எவ்வளவு போகுதுன்னு சொன்னார், எதுக்குன்னு அவருக்குப் பிடிபடல.

1758ல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு கடிதத்துல அந்த 'எதுக்கு'வைத் தொட்டார். தெர்மாமீட்டர் குமிழ்ல ஈதரைத் தடவி ஊதினா, அறை சூடா இருந்தாலும் பாதரசம் உறைநிலைக்கும் கீழ இறங்குது. அப்போ வியர்வையும் ஆவியாகித்தானே உடம்பைக் குளிர வைக்கணும்?

எனக்குப் பிடிச்சது 1774ல லண்டன்ல நடந்த கூத்து. சார்லஸ் பிளாக்டன்கிற டாக்டர், நண்பர்களோட சூடேத்தின அறைக்குள்ள போனார். கடைசியில 260 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் போனாங்க, அதாவது தண்ணி கொதிக்கிற சூட்டுக்கும் மேல! பக்கத்துல வெச்ச முட்டையும் மாட்டிறைச்சியும் வெந்துபோச்சு. மனுஷங்க கொஞ்ச நேரம் இருந்துட்டு நல்லபடியா வெளிய வந்தாங்க. இன்னொரு விஷயம் கவனிங்க: அதே அறையில ரெண்டு பாத்திரத்துல தண்ணி. ஒண்ணுல மேல கொஞ்சம் எண்ணெய், அது கொதிச்சுது. திறந்திருந்தது கொதிக்கல, ஆவியாகி ஆவியாகித் தன்னைத்தானே குளிர வெச்சுக்கிச்சு. நம்ம மண்பானை கதைதான்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானா 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். 70 கிலோ ஆளுக்கு 100 மில்லி ஆவியானாலே ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். ஆவியானா மட்டும்தான். சொட்டிக் கீழ விழுந்தா? தண்ணியும் உப்பும் நஷ்டம், குளிர்ச்சி இல்ல.

இதை நோயாளிகளோட உயிரோட சேர்த்துப் பார்த்தவர் ஜே. எஸ். ஹால்டேன். 1905ல, சுரங்கத்துல வேலை செய்யறவங்களைப் பார்த்துட்டுச் சொன்னார்: காத்து எவ்வளவு சூடுங்கிறதை விட, ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க. காத்தோட்டம் இல்லாத இடத்துல அது 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கே உடம்பு சூடேறும். பாரம் தூக்கினா அதுக்கும் முன்னாடியே.

திருத்தணியை எல்லாருக்கும் மே மாச வெயிலுக்குத்தான் தெரியும், டிவியில அதிக வெப்பம் பதிவான ஊர்ப் பட்டியல்ல வந்துடும். ஆனா அந்த வெயில் பெரும்பாலும் காய்ஞ்ச வெயில், வியர்வை வந்த வேகத்துல காயும். ஆடியில மேகமும் புழுக்கமும். 365 படி, தோள்ல பாரம், முன்னும் பின்னும் ஜனம், அசையாத காத்து. அந்தத் தம்பியோட வியர்வை வேட்டியை நனைச்சுதே தவிர, ஆவியாகல. உழைப்பால வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல பல பேருக்குக் கடைசி வரை வியர்க்கும். உடம்பு கொதிச்சு, பேச்சு குழறினா அதுவே போதும், தோல் காயட்டும்னு காத்திருக்கக் கூடாது.

(நீர்மோர்ப் பந்தல் போடறவங்களுக்கு ஒரு கும்பிடு. வெறும் தண்ணியா குடிச்ச சுரங்கத் தொழிலாளிகளுக்குத் தசை இழுத்துக்கிட்டதும், உப்பு சேர்த்ததும் சரியானதும் 1923லதான் ஆய்வா வந்துச்சு. ஆனா குழறிப் பேசறவர் வாயில மோரை ஊத்தாதீங்க, புரை ஏறிடும்.)

சீனியர் என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கல. நிழல்ல கிடத்தி, குடம் குடமா தண்ணியை ஊத்தச் சொன்னார். பனியன் போட்ட பசங்க துண்டாலயும் அட்டையாலயும் விசிறினாங்க. ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்து வர்றதுக்குள்ள 102க்கு இறங்கியிருந்துச்சு.

ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது கண்ணைத் திறந்து, "காவடி எங்க?"ன்னு கேட்டார். அவங்க மாமா அதைத் தூக்கிக்கிட்டு அப்பவே மேல போயிருந்தார்.